படையலுக்கு ஒரு சங்கரா

புதுச்சேரி நெல்லித்தோப்பில் பலராமனைத் தெரியாதவர்கள்கூட அவருடைய டீயைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். காலை ஆறரை மணிக்கு அவர் தலை தெரிந்தால் போதும், டீக்கடைத் தமிழ்மாறன் பால் சட்டிப் பக்கம் போகாமல் ஒரு கிளாஸில் வெறும் டிகாக்‌ஷனை ஊற்றி, வெந்நீர் விட்டு, இஞ்சியைத் தட்டிப் போட்டு நீட்டுவார். பதினொரு மாதமாக இப்படித்தான் நடக்கிறது. அதற்கு முந்தைய நாற்பது வருஷமும் அதே மனிதர் பால் தூக்கலாக, ஆடையோடு கேட்டு வாங்கிக் குடித்தவர் என்பதால் ஊருக்கு இது ஜீரணமாகவில்லை.

முதல் வாரம் சர்க்கரை வியாதியா என்று கேட்டார்கள். இரண்டாவது வாரம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறாரா என்றார்கள். ஆனி மாதத்தில் எந்த ஐயப்பனுக்கு மாலை என்று கேட்டவர்களுக்கே தெரியவில்லை. மூன்றாவது வாரம், பெண்டாட்டி போன துக்கம் இப்போதுதான் தலைக்கு ஏறியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. அதுவாவது போகட்டும், சைவத்துக்கு மாறிவிட்டார் என்று விட்டுவிடலாம். பால், தயிர், மோர், நெய்கூட இல்லையென்றால் அதற்கு என்ன பேர் வைப்பது? ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பலராமன் வாயைத் திறந்து, கடலுக்காக விட்டேன் என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"கடலு வந்து உங்கிட்ட பால் கேட்டுச்சாண்ணே?" என்றார் தமிழ்மாறன்.

பலராமனும் சேர்ந்து சிரித்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு யாரிடமும் அவர் காரணம் சொன்னதில்லை. சொல்வதென்றால் அது நீளமான கதை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை.

பலராமன் மடுகரைப் பக்கத்து விவசாயக் குடும்பம். வயலில் குனிய மனசில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். இருபத்து மூன்று வயதில் புதுச்சேரியில் ஒரு ஐஸ் கம்பெனி லாரியில் ஏறினார். ஐஸ் பாரை உடைத்து மரத்தூள் தூவி, சாக்குப் போட்டு மூடி, கடலோரக் குப்பம் குப்பமாகக் கொண்டுபோய் இறக்க வேண்டும். திரும்பும்போது அதே வண்டியில் மீன் ஏறும். வடக்கே கடைசிக் குப்பம் கனகசெட்டிக்குளம். அங்கே போய்ச் சேருவதற்குள் வெயிலில் ஐஸ் பாதியாகியிருக்கும்.

அப்படி ஒருநாள் பாதியான ஐஸை இறக்கும்போது, கரையில் உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலை நிமிராமலே கேட்டாள்.

"ஐஸ் கொண்டாந்தியா, தண்ணி கொண்டாந்தியா?"

அவள்தான் கொளஞ்சி. நாலு பிள்ளை தங்காமல் போன பிறகு, அவளுடைய அப்பா விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொளஞ்சியப்பர் கோயிலில் வேண்டிக்கொண்டு பெற்றது. கடற்கரையில் அந்தப் பேர் அவள் ஒருத்திக்குத்தான். மறுநாளிலிருந்து பலராமன் மற்ற குப்பங்களுக்கு அப்புறம் போகலாம் என்று வண்டியை நேரே வடக்கே விட்டார். கனகசெட்டிக்குளத்துக்கு மட்டும் முழு ஐஸ் வரத் தொடங்கியது. மற்றக் குப்பத்துக்காரர்கள் முதலாளியிடம் புகார் சொன்னார்கள். முதலாளி விசாரித்தார், விஷயம் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், பிறகு கல்யாணமும் நடந்தது.

நெல்லித்தோப்பில் வாடகைக்குப் பிடித்த அந்த வீட்டில்தான் பலராமன் மீன் சாப்பிடவே கற்றுக்கொண்டார். மடுகரையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஏரிக் கெண்டையும் வாரச் சந்தைக் கருவாடும்தான். முள் எடுக்கத் தெரியாத மாப்பிள்ளை என்று மச்சான் கலியமூர்த்தி, கொளஞ்சியின் தம்பி, விழுந்து விழுந்து சிரித்தான். கொளஞ்சி சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முள்ளை உருவி உருவி இலையோரம் வைத்தாள். பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்பார்கள். பலராமனுக்கு மீன் தின்கிற வீட்டில் நடுத்துண்டு, அதுவும் முள் இல்லாமல் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் சங்கரா. அவளுக்கு எந்த மீனும் பிடிக்கும், ஆனால் சங்கரா என்றால் உயிர். மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி வெந்தயம் பொரியும்போதே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு மதாம் லிலியான் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். லிலியானின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா, பென்ஷன் வாங்கியவர். அவர்கள் வீட்டிலிருந்து காலையில் வாங்கிய நீள ரொட்டியில் பாதி மதில் மேல் வரும், இங்கிருந்து ஒரு கிண்ணம் மீன் குழம்பு போகும். ரொட்டியைப் பிய்த்து மீன் குழம்பில் தோய்த்துத் தின்கிற கூத்தெல்லாம் வேறு ஊரில் நடக்குமோ என்னவோ, இங்கே யாரும் அதை அதிசயமாக நினைத்ததில்லை. சிறு பெண்ணாக இருந்த மகள் செந்தமிழ்ச்செல்வி சோறே வேண்டாம், ரொட்டியும் குழம்பும் போதும் என்று அழுவாள்.  நன்றாக இருந்தோம் என்பது நன்றாக இருக்கும்போது எவனுக்குத் தெரிகிறது.

மீன் எந்த வருஷத்திலிருந்து சின்னதாகத் தொடங்கியது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. கூடையில் ஆறு நின்ற இடத்தில் அறுபது நிற்கும். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு மண்வெட்டியால் வாரிப் போட ஆரம்பித்தார்கள். பெரிய விசைப்படகுகள் அடிமடி வலையில் கடல் தரையோடு வாரி இழுத்து வருவதில் ஆள் தின்கிற மீன் ஒரு பங்கு என்றால், கழிசல் மூன்று பங்கு. கழிசல் என்றால் ஒன்றுக்கும் உதவாதது என்று அர்த்தம் இல்லை. விரல் நீளம் வளர்வதற்குள் வலையில் வந்துவிட்ட எல்லா மீனின் குஞ்சும் அதில்தான் இருக்கும். அதைக் காயவைத்து அரைக்கிற மீன் மாவு ஆலைக்குப் பலராமனின் லாரி ஓடத் தொடங்கியது. அங்கிருந்து மாவு கோழித் தீவனத்துக்குப் போகும். மனுஷன் தின்னாத சரக்கு என்பதால் அதற்கு ஐஸ் கிடையாது. ஐஸ் லாரிக்காரர் என்ற பேர் போய், தெருவில் வண்டி திரும்பினாலே மூக்கைப் பொத்துகிறார்கள் என்றானது.

வண்டித் தார்ப்பாயைக் கொளஞ்சிதான் கழுவுவாள். வேறு யாரும் அந்த நாற்றத்தைத் தொடமாட்டார்கள். ஒருநாள் பின்பக்கம் சத்தமே இல்லையே என்று பலராமன் போய்ப் பார்த்தார். தார்ப்பாய் மடிப்பில் ஒட்டியிருந்த குஞ்சுகளைப் பொறுக்கி, துணி துவைக்கிற கல்லின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது வஞ்சிரம். இது பாற. இது சங்கரா, பாரு, செவப்புகூட இன்னும் ஏறல" என்றாள். கடைசிக் குஞ்சையும் வைத்துவிட்டு, "இந்த லோடு ஓட்டாதய்யா" என்றாள்.

"நான் ஓட்டலன்னா இன்னொருத்தன் ஓட்டப் போறான்."

"ஓட்டட்டும். அவன் பொண்டாட்டி கழுவட்டும்."

 பலராமனுக்குக் கோபம் வந்தது. உங்க அப்பனும் தம்பியும் பிடிக்காத மீனா என்று ஏதோ கத்திவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகும் ஏழு வருஷம் அந்த லோடையே ஓட்டினார். செல்வியின் படிப்பு, கல்யாணம் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கொளஞ்சியும் மறுபடி சொல்லவில்லை. தார்ப்பாயைக் கழுவுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதைப் பலராமனே கழுவினார்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்யப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். பலராமன் லாரியை ஒரேயடியாக விட்டுவிட்டுக் கூடவே இருந்தார். உப்பு தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், கல்லுப்பு ஜாடியை எடுத்து அவள் கைக்கு எட்டாத பரண் மேல் வைத்தவர் அவர்தான். ஒன்றரை வருஷம் அவர் காவல் காத்தார். போலீஸ்காரன்கூட அப்படிக் காவல் காத்திருக்க மாட்டான். ஆனாலும் ஒரு வைகாசியில் அவள் போய்விட்டாள்.

தனி ஆளான பிறகு அவருடைய சமையல் முட்டைதான். பெண்டாட்டி இல்லாத ஆம்பளைக்கு முட்டையைவிட்டால் கதி ஏது? அவள் போய் இரண்டாவது திவசம் முடிந்த வாரத்தில் ஒரு காலை, கல்லில் முட்டையை உடைத்து ஊற்றினார். ஒரு வாடை எழும்பியது. கெட்ட முட்டை இல்லை, மஞ்சள் கரு நன்றாகத்தான் நின்றது. ஆனால் அந்த வாடையை அவருக்குத் தெரியும். ஏழு வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் வந்த வாடை. சில முட்டையில் லேசாக மீன் வாடை வீசும் என்று எல்லோருக்கும் தெரியும்தான். எங்கிருந்து வீசுகிறது என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் கொண்டுபோய்க் கொட்டிய குஞ்சுகள் மாவாகி, கோழியாகி, முட்டையாகி, அவர் வீட்டு அடுப்புக்கே திரும்பி வந்திருந்தன. துணி துவைக்கிற கல்லும் அதன் மேல் வரிசையும் கண் முன்னால் வந்து நின்றன. அடுப்பை அணைத்துவிட்டு அவர் அழுதார். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அன்றோடு முட்டையும் கோழியும் போயின. கோழி போனால் மீன் மட்டும் எந்த முகத்தோடு இருக்கும்? அதுவும் போனது. ஆட்டுக்கறி தானாகவே பின்னால் போய்விட்டது. பாலை மட்டும் விட முடியாமல் ஒரு மாதம் இழுத்தார். அவருக்குப் பால் வந்த வீட்டு மாடு குப்பைமேட்டில் மேய்ந்தது. மாட்டுக்காரனைக் குறை சொல்லி என்ன பயன், மேய்ச்சல் நிலமெல்லாம் மனை போட்டு விற்றாயிற்று. ஆனியில் அந்த மாடு வயிறு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்தபோது வயிறு நிறைய பிளாஸ்டிக் கவர். அதில் பாதி பால் கவர். மறுநாள் காலை தமிழ்மாறனிடம் பால் வேண்டாம் என்று சொன்னார். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் துணியே பிரிந்து வருகிறது, அவர் என்ன செய்வார்?

அவர் ஒருவர் விட்டதால் கடலில் ஒரு குஞ்சு கூடுதலாகப் பிழைத்திருக்குமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நான் ஓட்டலன்னா இன்னொருத்தன் ஓட்டுவான் என்று ஒரு காலத்தில் சொன்னவர், நான் தின்னலன்னா இன்னொருத்தன் தின்னுவான் என்று சொல்ல மட்டும் இப்போது மறுக்கிறார். கொளஞ்சி கேட்டபோது செய்யாததை, கேட்க அவள் இல்லாதபோது செய்கிறார். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பேர் உண்டு என்று சொன்னது மதாம் லிலியான். லியோனில் இருக்கும் தன் மகள் நத்தாலியும் இதே மாதிரிதான், வீகன் என்று பேர், ஊருக்கு வந்தால் என்ன சமைத்துப் போடுவது என்று தெரியாமல் தவிக்கிறேன் என்றார். தனக்கு வந்திருப்பது வியாதி இல்லை, பிரான்சிலும் இருக்கிறது என்பதில் பலராமனுக்குக் கொஞ்சம் ஆறுதல். மதில் மேல் பாதி ரொட்டி இன்னமும் வருகிறது. இங்கிருந்து இப்போது கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு போகிறது. லிலியான் மரியாதைக்கு நன்றாயிருக்கிறது என்பார்.

விட்டதும் ஆசையும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எதிர்வீட்டில் மீன் பொரிக்கிற சத்தம் கேட்டால் பலராமன் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிடுவார். நாக்கு என்ன, கொள்கையைக் கேட்டா ஊறுகிறது?

இப்படிப் பதினொரு மாதம் ஓடி, மூன்றாவது திவசம் வந்தது. முதல் இரண்டு வருஷமும் தவளக்குப்பத்தில் கட்டிக்கொடுத்த செல்வி முதல் நாளே வந்து, சங்கரா வாங்கிக் குழம்பு வைத்து, அம்மா படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தாள். இப்போது இலையில் என்ன வைப்பது? எந்த அடுப்பை அவர் முட்டை பாதி வேகும்போதே அணைத்தாரோ அதே அடுப்பில் மீன் கொதிக்க வேண்டுமா? ஒரு வாரம் யோசித்தார். கடைசியில் செல்விக்குப் போன் போட்டு, இந்த வருஷம் மீன் வேண்டாம், சைவமாகவே படைத்துவிடலாம் என்றார்.



"நீ உட்டது உன் இஷ்டம்ப்பா" என்றாள் செல்வி. "அம்மா எப்பப்பா மீன உட்டுச்சு?"

பிறகு, வாழைக்காயும் வடைக்கு மாவும் தானே கொண்டுவருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பலராமன் தாங்கியிருப்பார். ஏனென்றால் செல்விக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சேர்த்திருந்தபோது, ஒரு பிற்பகல், உப்பில்லாத கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். கொளஞ்சி வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"உப்பா ஒரு மீன் கொழம்பு வேணும்யா. சங்கரா போட்டு. ஒரு வாய் போதும்."

 டாக்டர் சொன்னது, நர்ஸ் சொன்னது, சுவரில் ஒட்டியிருந்தது எல்லாம் அவருக்கு நினைவுக்கு வந்தன.

"வூட்டுக்குப் போனதும் நானே வெச்சித் தரேன்" என்றார்.

"நீயா?" என்று அவள் சிரித்தாள். அந்த உடம்போடு எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ. அவ்வளவுதான், மறுபடி கேட்கவில்லை. நாலாம் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குழம்பு சாப்பிட அவள் இல்லை.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருஷமும் செல்வி வைத்த குழம்பையே தான் வைத்ததாக மனசுக்குள் வைத்துக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து தப்பித்துவிட்டார். இந்த வருஷம் அதுவும் இல்லை. உயிரோடு இருந்தபோது ஒருமுறை இல்லை என்றாயிற்று, செத்த பிறகும் இல்லை என்று சொல்லப் போகிறாரா? அவள் குஞ்சுகளுக்காக வருந்தியவள். அதற்காக மீனை வெறுத்தவள் இல்லை. அவர் விட்டது தன்னுடைய நாக்கை. அவளுடைய நாக்கை விட்டுவிட அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

திவசத்தன்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் கனகசெட்டிக்குளம் போனார். ஒரு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை. அக்கா புருஷன் மீனை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து கலியமூர்த்திக்கு வருத்தம். எங்கள் தொழிலையே பாவம் என்கிறானா என்று யாரிடமோ சொல்லியிருந்தான். அது மீன்பிடித் தடைக்காலம், பெரிய விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. சின்னப் படகுகள் மட்டும் கிட்டத்திலேயே போய்வந்துகொண்டிருந்தன. கொளஞ்சி உட்கார்ந்து மீன் பிரித்த இடத்தைத் தேடினார். அந்த இடம் கடலுக்குள் போயிருந்தது. கரை இருந்த இடத்தில் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள்.

கலியமூர்த்தி வலையை உதறிக்கொண்டிருந்தான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

"ஒரு சங்கரா வேணும் கலியமூர்த்தி" என்றார் பலராமன். "ஒண்ணு போதும்."

"நீதான் தின்ன மாட்டியே மாமா."

"எனக்கில்ல. இன்னிக்கு உங்கக்காவுக்குப் படையல்."

கலியமூர்த்தி வலையைக் கீழே போட்டான். தெர்மாக்கோல் பெட்டியைத் திறந்து, கிளறி, நல்ல சிவப்பாக ஒன்றைத் தூக்கினான். முழங்கை நீளம் இருக்கும். கட்டை விரலால் அதன் வயிற்றை அழுத்திப் பார்த்தான்.

"சென இல்ல" என்றான். "தூண்டில்ல வந்தது. எடுத்துட்டுப் போ மாமா."

சினை மீனும் வலையில் வாரிய மீனும் வேண்டாம் என்றே அவன் பார்த்து எடுத்தான் என்பது பலராமனுக்குப் புரிந்தது.  கலியமூர்த்தியின் மனைவி மீனை ஆய்ந்து கழுவி, தூக்குச் சட்டியில் போட்டுக் கொடுத்தாள். பணம் என்று சட்டைப்பையில் கையை விட்டதற்குக் கலியமூர்த்தி முறைத்த முறைப்பில் கையை வெளியே எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, மூன்று வருஷமாகச் செல்விகூடத் தொடாமல் கவிழ்ந்து கிடந்த அவளுடைய மண்சட்டியை எடுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டார். பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிந்தார். ரசம் வைத்தார். பிறகு அவள் எப்படிச் செய்வாள் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துக் குழம்புக்கு வந்தார். வெந்தயம் சிவக்கக் கூடாது. புளி பழசாக இருக்க வேண்டும். மாங்காயை ஓட்டோடு வெட்ட வேண்டும். மீனைப் போட்ட பிறகு கரண்டி போடக்கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துச் சுற்றி ஆட்ட வேண்டும். முப்பது வருஷம் வாசலில் உட்கார்ந்து மோப்பம் பிடித்ததற்கு இவ்வளவாவது தெரிந்திருந்தது.

உப்பு போடும் இடத்தில் நின்றார். மற்ற நாளென்றால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கலாம். படையல் சமையலை யாரும் ருசி பார்க்கக்கூடாது, சாமியானாலும் செத்தவர்களானாலும் முதல் வாய் அவர்களுக்குத்தான். பெண்கள் எல்லோரும் கை அளவை நம்பித்தான் படையலுக்குச் சமைக்கிறார்கள். அவருடைய விரதமும் ஊர் வழக்கமும் இந்த ஒரு இடத்தில் ஒத்துப்போயின. ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண் மேலிருந்து கல்லுப்பு ஜாடியை இறக்கினார். அவள் போன பிறகும் அது அங்கேயேதான் இருந்தது. அவர் இத்தனை நாளும் பாக்கெட் உப்பில் காலத்தை ஓட்டினார். ஒரு கை அள்ளிப் போட்டார். கொஞ்சம் நின்று யோசித்து, இன்னும் அரைக் கை போட்டார்.

பத்து மணிக்கு செல்வியும் மருமகன் ராஜவேலும் வந்தார்கள். செல்வி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வாசலுக்கு வந்ததும் மீன் குழம்பு வாசனை பட்டு நின்றுவிட்டாள்.

"யாருப்பா வெச்சது?"

"நாந்தான்."

அவள் அடுப்படிக்குப் போய்ச் சட்டியைப் பார்த்தாள். பிறகு வாழைக்காயை நறுக்க உட்கார்ந்தாள்.

படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறு, குழம்பு, வறுவல், வடை, ரசம், பாயசம், வெற்றிலை எல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, பலராமன் கா கா என்று கூப்பிட்டார். காக்கை தொடாமல் யாரும் சாப்பிட முடியாது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு காக்கைகள் இருந்தன. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன, வரவில்லை. அஞ்சு நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. வெயில் சுள்ளென்று அடித்தது. கீழே பாத்திரம் நகர்த்துகிற சத்தம்கூட நின்றுவிட்டது. படியில் செல்வி காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. தான் விட்டதெல்லாம், வைத்ததெல்லாம் தப்போ என்று பயமாக இருந்தது. சுவருக்குப் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"கொளஞ்சி, நாந்தான் வெச்சேன்."

அதைக் கேட்டு வந்ததோ, அவர் அசைந்ததைப் பார்த்து வந்ததோ, ஒரு காக்கை எழும்பி வந்து சுவரில் உட்கார்ந்தது. வடையைத் தள்ளியது. மீனைக் கொத்தி எடுத்துக்கொண்டு பறந்தது.

கீழே மூன்று இலை போட்டார்கள். செல்வி குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றுகொண்டே அப்பாவைப் பார்த்தாள்.

"உப்பு ரொம்பத் தூக்கலாப் போயிடுச்சேப்பா."

"தெரியும்" என்றார் பலராமன். "வேணும்னுதான் போட்டேன். ஆஸ்பத்திரியில உங்கம்மா உப்பா ஒரு வாய் கேட்டா. வூட்டுக்குப் போயி வெச்சித் தரேன்னு சொன்னேன்."

 ராஜவேல் தலையைக் குனிந்துகொண்டான். செல்வி எட்டி இன்னும் ஒரு கரண்டிக் குழம்பை எடுத்துச் சோற்றில் ஊற்றினாள். கண்ணைத் துடைக்காமல் சாப்பிட்டாள்.

பலராமன் தன் இலைக்கு ரசத்தை விட்டுக்கொண்டார். ஒரு வாய் வைத்ததும்தான் தெரிந்தது, அதில் உப்பு போட மறந்திருக்கிறார். ஜாடி பக்கத்திலேயே இருந்தது. அவர் எடுக்கவில்லை. அப்படியே பிசைந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.